வெட்ட வேண்டியதும் விட வேண்டியதும்



பாட்காஸ்ட் கேட்கும் பழக்கம் தமிழில் இப்போது நன்றாகப் பரவிவிட்டது. சமைத்துக்கொண்டே கேட்கிறோம், மின்சார ரயிலில் நின்றுகொண்டே கேட்கிறோம். பேசுகிறவரின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, சுத்தப்படுத்தி, வரிசைப்படுத்தி நம் காதுக்கு அனுப்பி வைக்கிற ஆளும் ஒருவர் உண்டு. திருநின்றவூரில் வீட்டிலிருந்தபடியே நான் செய்கிற வேலை அது. எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சியாக ஒப்புக்கொண்டு செய்கிற ஃப்ரீலான்ஸ் வேலை.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சென்ட்ரல் – அரக்கோணம் தடத்தில் இருக்கிறது. புறநகர் ரயில்கள் நின்று போகும். கோவைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகள் ஊதிக்கொண்டே கடந்துவிடும். அதனால் பேச வருகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுவேன்: "ரயில் சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அது போன பிறகு, விட்ட வார்த்தையிலிருந்து வேண்டாம், அந்த வாக்கியத்தையே முதலிலிருந்து சொல்லுங்கள்." மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட வேண்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் உட்கார்ந்து பேசினால் எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். கடைசியில் அரை நிமிடம் யாரும் பேசாமல் இருக்கச் சொல்வேன். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வெட்டுகிற இடங்களுக்கு அடியில் பரப்பிவிடலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: எடிட்டிங். ஒரு காலத்தில் வானொலி நிலையங்களில் ஒலிநாடாவை பிளேடால் சாய்வாக வெட்டி, பசைநாடாவால் ஒட்டினார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் அதே வேலையைச் சுட்டியால் செய்கிறோம். கருவி மாறியது. எங்கே வெட்டுவது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

தமிழில் அதற்குக் கைகொடுப்பது வல்லினம். நேயர்களே, இப்போதே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பட்டம், அக்கா, அப்பா. ஒற்று வருகிற இடத்தில் காற்று ஒரு கணம் அடைபட்டு நிற்கிறதா? கணினித் திரையில் அந்த இடத்தில் ஒலியலை படுத்துவிடும். அங்கே வெட்டினால் யாருக்கும் தெரியாது. மழை, வயல், அம்மா என்று சொல்லிப் பாருங்கள். ஒலி எங்கும் அறுபடாமல் ஓடும். நடுவில் கைவைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். எந்த எழுத்துக்கு நாக்கும் உதடும் எங்கே பொருந்துகின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. மாத்திரைக்கு அளவு கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றும் அதே நூல் சொல்கிறது. இரண்டு வாக்கியங்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை நான் இன்றும் விரலை நொடித்துத்தான் முடிவு செய்கிறேன்.

"வந்து", "அதாவது" போன்ற சொற்களை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று பலரும் கேட்பார்கள். சேமிப்பைப் பற்றிப் பேசிய ஓர் அம்மா, ஒவ்வொரு கணக்குக்கு முன்னாலும் "அதாவது" என்று இழுப்பார். நான் அந்த இடங்களை மட்டும் விட்டுவைத்தேன். ஏன் தெரியுமா? அடுத்து ஒரு எண் வரப்போகிறது என்று கேட்பவரைத் தயார்செய்கிற சொல் அது. மற்ற இடங்களில் வந்தவற்றை எடுத்தேன். சொல் ஒன்றேதான். அது எங்கே வருகிறது, அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

மௌனமும் அப்படித்தான். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பதிவு செய்தோம். "என்ஜின் நன்றாக ஓடுகிறது என்று எந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள், ஐயா?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை. நாற்காலி லேசாக முனகியது. பிறகு வாயாலேயே அந்த என்ஜினை ஓட்டிக் காட்டினார். நிகழ்ச்சியை நடத்துகிற தம்பி கனடாவில் இருக்கிறார். "அந்த இடம் காலியா இருக்கே அக்கா, எடுத்துடலாமா?" என்றார். நான் இரண்டு விதமாகவும் செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டு மௌனம் இருந்ததையே எடுத்துக்கொண்டார். பெரியவர் அத்தனை வருடங்களுக்கு முந்தைய ஒரு சத்தத்தைத் தேடிப்போன நேரம் அது. மௌனங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் நீக்கித் தரும் வசதி மென்பொருளில் இருக்கிறது. இந்த மௌனம் வேண்டும், அந்த மௌனம் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல ஒரு மனிதக் காது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் போக முடியாது. பூசலார் நாயனாரின் ஊர் எங்கள் ஊர். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாமல், மனத்துக்குள்ளேயே கல் தேடி, நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, கிணறும் வெட்டியவர் அவர் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருக்கிறார். காஞ்சியில் காடவர்கோன் என்னும் அரசன் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். அதே நாளில் தாம் நின்றவூர்ப் பூசலாரின் கோயிலுக்குள் புகப்போவதாக இறைவன் அவன் கனவில் சொல்கிறார். இன்று இங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

குழந்தைகளுக்கான ஒரு பாட்காஸ்டுக்காக ஒரு பாட்டி இந்தக் கதையைச் சொன்னார். உளிச் சத்தம் சேர்க்கலாம் என்று யோசனை வந்தது. அரசன் கட்டும் இடத்தில் உளி, வண்டி, ஆட்களின் கூச்சல் எல்லாவற்றையும் வைத்தேன். பூசலார் கட்டும் இடத்தில் எதையும் வைக்கவில்லை, பாட்டியின் குரல் மட்டும்தான். கேட்கிற குழந்தைதானே அந்தக் கோயிலைத் தன் மனத்தில் கட்ட வேண்டும்! இந்தத் தொழிலில் நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

நேரம் குறைவாக இருப்பதால் மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஒலியின் அளவுக்கு ஆப்பிள் நிறுவனம் கேட்பது மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). அதைச் சரிசெய்த பிறகும் ரயில் ஏறி, நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி என்று போகும்போது காதில் மாட்டிக் கேட்கிறேன். இரைச்சலில் ஒரு சொல் அமுங்கினாலும் வீட்டுக்கு வந்து திருத்துவேன். கூலியை மணிக்கணக்கில் பேசாமல், முடிந்த நிகழ்ச்சியின் நிமிடக் கணக்கில் பேசுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணம். மூலப் பதிவை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

அறையை அமைதியாக்குங்கள், வல்லினத்தில் வெட்டுங்கள், வேண்டிய மௌனத்தை விட்டுவையுங்கள். நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். ஒரு கணினியும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் போதும், தொடங்கிவிடலாம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் சிலராவது இந்த வேலைக்கு வர வேண்டும். தமிழ்ப் பேச்சைத் தமிழ்க் காதால் கேட்டுத் திருத்துகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் நமக்குத் தேவை. வருவீர்கள் என்று நம்புகிறேன்.