மலைநாட்டுக் குளிரும் மலிவான வெதுவெதுப்பும்

இலங்கை வெப்பநாடு என்று பாடநூல்கள் கூறும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழ்பவருக்கு அக்கூற்றில் ஐயம் எழ இடமில்லை. ஆனால் 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நுவரெலியாவில், தை மாதத்து விடியற்காலையில் வெளியே வருபவர் புல்நுனிகளிற் பனி உறைந்து வெண்மையாகக் கிடப்பதைச் சில நாட்களிற் காண்பர். ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைந்து செல்வது இதற்கு முதற் காரணம். முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானவெளிக்கு இழந்துவிடுவது இரண்டாவது காரணம்.

இக்குளிரைக் காண வரும் உல்லாசப் பயணிக்கு அது இன்பம். அங்கேயே உழைத்து வாழும் தோட்டத் தொழிலாளிக்கு அது வேறொன்று. தோட்டங்களில் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. எனினும் பல குடும்பங்கள் ஆங்கிலேயர் காலத்து லயங்களிலேயே இன்றும் வாழ்கின்றன. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா. மேலே தகரக் கூரை. கீழே குளிர்ந்த தரை. குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 பாகைக்குக் குறையாதிருப்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயாளருக்கும் அதனினும் கூடுதலான வெப்பம் வேண்டப்படலாம். மின்கணப்பு வாங்க இயலாத குடும்பம் இந்த வெதுவெதுப்பை எவ்வாறு அடையும்?

ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோர் முதலில் ஓட்டையை அடைப்பர். வீட்டின் வெப்பமும் அத்தகையதே. அடுப்பெரிந்து எழும் வெப்பம் மேலே சென்று, தகரத்தின் வழியாக விரைவில் வெளியேறிவிடுகின்றது. ஆகவே விறகைக் கூட்டுவதினும் கூரையைக் கவனிப்பதே சிக்கனம். அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கம்பளி உடலைக் காப்பதும் அதன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதனாலேயே. தகரத்துக்குச் சற்றுக் கீழே, படுக்கும் பகுதிக்கு மேலாக, பலகையினாலோ தடித்த பாயினாலோ ஓர் உட்கூரை அமைத்தால், இடையில் நிற்கும் காற்று வீட்டுக்குக் கம்பளியாகிவிடும். தகரத்தில் வியர்த்து விடியலிற் சொட்டும் நீரும் படுக்கையை நனையாது விடும். ஆனால் அடுப்புக்கு மேலே சாக்கோ பாயோ கட்டலாகாது. லயம் தொடர்வீடு, ஒரு காம்பராவில் மூண்ட தீ வரிசை முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது தரை. வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பவர் இரவு முழுவதும் தம் உடற்சூட்டைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர். மேலே இரண்டாவது போர்வை தேடுமுன், கீழே உலர்ந்த சாக்குகளை இரண்டு மூன்று மடிப்பாக இடுதல் வேண்டும். உரமோ கிருமிநாசினியோ இருந்த பைகள் இதற்கு ஆகா. பலகைக் கட்டில் இருப்பின் இன்னும் நன்று. கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பழந்துணி சுருட்டி அடைக்கலாம். நண்பகல் வெயிலிற் பாயையும் போர்வையையும் உலர்த்தி, சன்னல்களைத் திறந்து வைத்து, பொழுது சாயுமுன் மூடிவிடுதல் செலவில்லாத வைத்தியம்.

ஈரம் குளிரின் உற்ற தோழன். மலையில் நனைந்த கம்பளியையும் சாக்குப் படங்கையும் படுக்கையறையிற் கொண்டுவந்து தொங்கவிட்டால், அவற்றை உலர்த்தும் வேலையை அறையின் வெப்பமே செய்ய நேரும். அவை இஸ்தோப்பிலேயே நிற்கட்டும். விறகுக்கும் இவ்விதி பொருந்தும். சாதாரண நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் 6 மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், அதே நீரை ஆவியாக்க வேண்டும். பச்சை விறகு தன் நெருப்பில் ஒரு பங்கைத் தன்னுள் இருக்கும் நீருக்கே செலவிட்டு, எஞ்சியதைப் புகையோடு தருகின்றது. கவ்வாத்து வெட்டியபின் கிடைக்கும் மிலாறை மழைக்கு முன்பே சேர்த்து, ஒதுக்கிடத்தில் அடுக்கி உலர்த்தி வைப்பவர், குறைந்த விறகிற் கூடிய வெப்பம் பெறுவர்.

இத்துணையும் கூறியபின், யாவற்றிலும் முக்கியமான ஒன்று எஞ்சியுள்ளது. குளிருக்கு அஞ்சிக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்து உறங்குவோர் உளர். எரிந்து தணலான கரி புகைவதில்லை; ஆதலால் தீங்கில்லை என்று எண்ணுவர். உண்மையோ மறுதலையானது. காற்றுப் போதாத இடத்தில் அத்தணல் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவை மிகுதியாக வெளிவிடுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்துகொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவர் அவற்றையும் உணராது உயிர் துறப்பர். ஆகவே தணற்சட்டி உறங்கும் அறைக்குள் வரவே கூடாது. அடுப்படியிற் புகை போகும் வழியையும் குளிருக்காக அடைத்தல் கூடாது. கதவடியை அடைப்பது சிக்கனம். புகைவழியை அடைப்பது ஆபத்து.

இரவில் அறை முழுவதையும் சூடாக்க வேண்டிய அவசியமில்லை. படுக்கை சூடாயிருந்தாற் போதும். இறுக மூடக்கூடிய இறப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, படுக்குமுன் போர்வைக்குள் வைத்தெடுக்கலாம். பச்சிளங் குழந்தைக்கோ தாயின் மார்போடு அணைந்த சூட்டினும் சிறந்த கணப்பு வேறில்லை. குழந்தையின் தலையை மூடும் சிறு குல்லாய் விலை உயர்ந்த போர்வையினும் பயன் தரும்.

இவை குடும்பத்தவர் செய்யக்கூடியவை. ஆனால் வீடு தமக்குச் சொந்தமில்லாத இடத்தில் ஓர் ஆணி அடிக்கவும் மனிதர் தயங்குவர். ஒழுகும் தகரத்தை மாற்றுவதும் புகைபோக்கி அமைப்பதும் வீட்டின் உடைமையாளர் கடன். புதிய வீடு கட்டுவோர் சுவருக்குப் பூசும் வண்ணத்தைத் தீர்மானிக்குமுன் உட்கூரையைத் தீர்மானிப்பாராக. ஒருமுறை செய்யும் அச்செலவு, ஒவ்வொரு மார்கழியிலும் எரியும் விறகை மிச்சப்படுத்தும். உள்ளே உறங்கும் குழந்தையின் மூச்சையும் காக்கும்.