குருதித் தூய்மையும் மொழித் தூய்மையும்

(கோவில்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1856இல் செருமானிய நாட்டு நியாண்டர் பள்ளத்தாக்கில் பழைய மாந்த எலும்புகள் சில கிடைத்தன. அவற்றுக்குரியவனைத் தனியினம் எனப் பிரித்து 1864இல் பெயரிட்டவர், அயர்லாந்தின் கால்வேக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் கிங்கு. விலங்கினும் உயர்ந்த எண்ணம் அவனுக்கு இருந்திராது என்று அவர் கருதினார். அவர்தம் மகனார் இராபர்ட்டு புரூசு பூட்டுடன் சேர்ந்து 1863இல் நம் அத்திரம்பாக்கத்தில் பழங்கற்கருவிகளைக் கண்டெடுத்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

கிங்கின் தீர்ப்பு நிலைக்கவில்லை. நியாண்டர்தால் மாந்தனின் நெற்றி தாழ்ந்தது, புருவமேடு புடைத்தது, உடல் குறுகித் திரண்டது. ஆயினும், மூளையின் அளவில் அவன் நமக்குக் குறைந்தவன் அல்லன். ஈராக்கின் சானிதார்க் குகையில் கிடைத்த ஒருவன், ஒரு கை சூம்பி, ஒரு கண் பழுதுற்றும் பல்லாண்டு வாழ்ந்துள்ளான். உற்றார் பேணாமல் அது கூடுமோ? இசுரேலின் கெபாராக் குகையில் 1983இல் கிடைத்த நாவடி எலும்போ நம்முடையதைப் பெரிதும் ஒத்தது. அவன் பேசியிருக்கவுங் கூடும்!

ஏறத்தாழ 40,000 ஆண்டுகட்கு முன் அவ்வினம் மறைந்தது. ஆனால் முற்றாக மறையவில்லை. 2022இல் நோபல் பரிசு பெற்ற சுவாந்தே பாபோவும் அவர் குழுவினரும் அவன் மரபணுக்களை ஆய்ந்தனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோர் மரபணுத் தொகுதியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அவன் வழியது என்பது தெளிவாயிற்று. கொரோனா நோயைக் கடுமையாக்கும் மரபுக்கூறு ஒன்றும் அவனிடமிருந்து வந்ததே. தெற்காசியருள் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பேர் அதனைத் தாங்கியுள்ளனர் என 2020இல் அறிவித்தனர்.

எனவே இக் கரிசற் காட்டில் பருத்தி எடுப்பவர் உடலிலும், தீப்பெட்டித் தொழிலாளி உடலிலும், ஊரில் மேலோர் எனப்படுவார் உடலிலும் ஓடுவது கலந்த குருதியே. ‘எம் பிறப்புத் தூயது’ எனச் சாதி பேசித் தெருவைப் பிரிப்போன், தன் தூய்மைக்கு எதனைச் சான்று காட்டுவான்?

‘அவ்வாறாயின் தமிழின் தூய்மையும் பொய்யோ?’ எனச் சிலர் வினவுவர். அன்று. மொழி குருதியில் வருவதன்று. தாய் பேசப் பிள்ளை கற்பது. பருத்திக் காட்டில் களை பறிப்பதுபோல், வேண்டாச் சொற்களை விலக்கி நற்சொல் வளர்த்தல் மாந்தர் முயற்சியால் இயல்வது. முயன்றார் எவர்க்கும், எத்தெருவில் பிறந்தார்க்கும், அவ்வுரிமை உண்டு. தமிழின் பெயரால் பிறப்புயர்வு பேசுவோர் தமிழுக்கே பகைவர்.

சொல்லில் களை பறிப்போம். மாந்தருள் களை காணோம்!

வாழ்க தமிழ்!