பிடித்த மீனை விடுதல்

கொட் மீனைக் கண்ணாற் காணாதவரும் அதன் ஈரலிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயை அறிவர். பிள்ளைகள் முகஞ்சுளித்து விழுங்கிய அந்த மீனெண்ணெய் ஒரு காலத்தில் இலங்கையின் வீடுகள் பலவற்றிலும் இருந்தது. அதனைத் தந்த மீனின் தாயகம் வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் குளிர்ந்த நீர். முதுகிலே மூன்று செட்டைகளும், கீழ்த்தாடையிலே ஒற்றை மீசையும், உடலின் இரு மருங்கிலும் ஓடும் வெளிறிய கோடும் அதன் அடையாளங்கள். தசை வெண்மையானது, கொழுப்புக் குறைந்தது. ஆதலால் உப்பிட்டு உலர்த்தினால் நெடுநாள் கெடாதிருக்கும். இந்த ஒரு குணத்தின் பொருட்டே ஐரோப்பியரின் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாக இம்மீனைத் தேடிச் சமுத்திரத்தைக் கடந்தன.

பெருங் கப்பல்கள் ஒருபுறமிருக்க, கரையோரத்து மக்கள் சிறு வள்ளங்களிற் சென்று தூண்டிலிட்டு இதனைப் பிடிப்பதும் தொன்றுதொட்ட வழக்கம். இன்று அவ்வாறு வள்ளத்திற் செல்பவரை இரு கரைகளில் இரு வேறு சட்டங்கள் ஆளுகின்றன. கனடாவைச் சேர்ந்த நியூபவுண்லாந்துக் கரையிலே, பொழுதுபோக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் மீன்பிடிப்பவர் தம் தூண்டிலில் அகப்பட்ட கொட் மீனைத் திரும்பக் கடலில் விடுதல் குற்றமாகும். ஜேர்மனியின் பால்டிக் கரையிலோ, அதே மீனை விடாது வைத்திருத்தல் குற்றமாகும். மீன் ஒன்றே, வள்ளமும் தூண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அங்ஙனமாகவும், ஓரிடத்தில் அறமெனப்படுவது மற்றோரிடத்தில் தவறெனப்படுவதேன்? இதற்கு விடை காண வேண்டுமாயின், முதலில் இரு கரைகளின் கதையையும், பின்னர் அம்மீனின் உடலையும் ஆராய்தல் வேண்டும்.

1497ஆம் ஆண்டு ஜோன் கபொற் என்பார் இங்கிலாந்திலிருந்து மேற்கே சென்று திரும்பியபோது, அக்கடலில் வலையின்றிக் கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவிற் பரவிற்று. அதன்பின் நியூபவுண்லாந்தின் வாழ்வு முழுவதும் இம்மீனைச் சுற்றியே அமைந்தது. அத்தீவிலே 'மீன்' என்ற சொல் தனித்து நின்றால் அது கொட் மீனையே குறிக்கும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கைத்தூண்டிலும் சிறு வலையும் எடுத்த மீனைக் கடல் ஈடுசெய்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மீனைப் பிடித்தவுடனே உறையவைக்கும் வசதி கொண்ட பெரும் இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1968ஆம் ஆண்டிலே அப்பகுதியிற் பிடிபட்ட மீன் 8 இலட்சம் தொன்னைக் கடந்தது. அதன் பின்னர் வீழ்ச்சி தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி கனடிய அரசாங்கம் அம்மீன்பிடித் தொழிலை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கெனக் கூறப்பட்ட தடை 2024ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இந்த இழப்பைக் கண்ட கரையிலேதான் விடுதல் தடுக்கப்பட்டுள்ளது. குறித்த பருவத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 5 மீன் பிடிக்கலாம். எத்தனை பேர் ஏறியிருப்பினும் ஒரு வள்ளத்துக்கு 15 மீனே உச்ச அளவு. முதலில் வந்த ஐந்தும், சிறிதாயினும் பெரிதாயினும், அவருக்குரியவை. சிறியதைக் கடலில் எறிந்து, அதனினும் பெரியதைத் தேடுதல் கூடாது. எறியப்பட்ட மீன் இறந்து போகுமானால், ஐந்து மீனுக்கு உரிமை பெற்றவர் பத்து மீனைக் கொன்றவராவார். கணக்கிலோ ஐந்தே பதியும். இந்த மறைவான கொலையை விலக்குவதே அச்சட்டத்தின் நோக்கம்.

இனிப் பால்டிக் கடலின் மேற்குப் பகுதியை நோக்குவோம். அங்கும் கொட் மீன் குறைந்து வந்தது. 2017ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், பொழுதுபோக்காகத் தூண்டிலிடுபவர்க்கு நாளொன்றுக்கு 5 மீன் என வரையறுத்தது. 2022இல் அது ஒரே மீனாயிற்று. 2024இல் ஒன்றுங்கூட வைத்திருத்தல் ஆகாதெனத் தடுக்கப்பட்டது. எனினும் அக்கடலில் தட்டைமீன் பிடிக்கப் பலர் செல்கின்றனர். தூண்டிலில் எது கடிக்கும் என்று எவரும் முன்கூட்டிக் கூற முடியாது. கொட் மீன் அகப்படின், அதனை உடனே விடுதலைத் தவிர வேறு வழியில்லை. விளையாட்டாகவே மீனைப் பிடித்து விடுவதை ஜேர்மனியச் சட்டம் விரும்புவதில்லை என்பதும் கருதத்தக்கது. தக்க காரணமின்றி விலங்குக்கு நோவு விளைத்தலை 1972ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகின்றது. ஆகவே அங்கே விடுதல் விளையாட்டன்று. மீனினத்தைக் காக்க விதிக்கப்பட்ட கடமை.

விடப்பட்ட மீன் பிழைக்குமா என்பதே இரு சட்டங்களுக்கும் அடிப்படையான வினா. விடை மீனின் உடலில் உண்டு. கொட் மீனின் வயிற்றினுள்ளே வாயு நிறைந்த பையொன்றிருக்கின்றது. மீன் மிதக்காமலும் அமிழாமலும் வேண்டிய ஆழத்தில் நிற்பதற்கு அது உதவுகின்றது. சில மீன்களில் இந்தப் பைக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு குழாய் உண்டு; அவை வேண்டாத வாயுவை வாயால் வெளிவிடும். கொட் மீனின் பையோ மூடிய பை. வாயு இரத்தத்திற் கலந்தே வெளியேறல் வேண்டும். அதற்குப் பல மணித்தியாலங்கள் செல்லும். கடலில் 30 மீற்றர் ஆழத்திலுள்ள அமுக்கம் மேற்பரப்பினைப் போல நான்கு மடங்கு. அங்கிருந்து மேலே இழுக்கப்படும் மீனின் பையிலுள்ள வாயுவோ நான்கு மடங்காக விரிய முயலும். பை அதனைத் தாங்காது கிழிந்துவிடும். மெல்ல இழுத்தால் இத்தீங்கு நேராது என்று சிலர் எண்ணுவர். சில நிமிடத் தாமதத்தால் மணித்தியாலக் கணக்கான வேலை நிறைவேறாது. ஆயினும் இயற்கை கொட் மீனை முற்றாகக் கைவிடவில்லை. கிழிந்த பையிலிருந்து வெளிப்படும் வாயு பெரும்பாலும் உடலைவிட்டு நீங்கிவிடும். பையின் கிழிவும் சில நாட்களிற் கூடிவிடும். இதனாலேயே விடப்பட்ட மீன்களிற் பெரும்பாலானவை தாமே கீழே நீந்திச் செல்கின்றன.

பால்டிக் கடலிலே தூண்டிலிற் பிடிபட்ட கொட் மீன்களை வலைக்கூடுகளில் வைத்துப் பார்த்த ஜேர்மனிய ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. சராசரியாக ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மீன்கள் இறந்தன என அது கண்டது. நீர் சூடாயிருந்தபோதும், மீனின் காயத்திலிருந்து குருதி கசிந்தபோதும் இறப்பு மிகுந்தது. பத்தில் ஒன்பது பிழைப்பது நற்செய்தியே. ஆனால் கணக்கை மறுபுறமும் பார்த்தல் தகும். ஒருவர் காலை முதல் மாலை வரை நாற்பது மீனைப் பிடித்து நாற்பதையும் விட்டாரென்று கொள்வோம். பத்துக்கு ஒன்றாக நான்கு மீன் இறந்திருக்கும். அவர் வெறுங்கையோடும் நிறைந்த மனத்தோடும் கரையேறுவார். நியூபவுண்லாந்தில் ஐந்து மீனோடு வீடு திரும்பியவரை விட அவர் அதிகம் இரங்கியவர் என்று சொல்ல முடியுமா? ஐவகைக் கறி சமைத்தவர் வீட்டிலாவது உண்டவர் இருந்தனர்.

ஆகவே விடுதல் என்பது மீனைக் கடலில் எறிதலன்று. உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தலாகும். அதற்கான ஆயத்தம் தூண்டிலை இறக்குமுன்னரே தொடங்கவேண்டும். பல கொக்கிகளுக்குப் பதிலாக ஒரு கொக்கியைக் கட்டி, அதன் எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிடல் நன்று. கொக்கி எளிதிற் கழன்றுவிடும். இரையின்றி ஈயக்கட்டியை மேலுங்கீழும் இழுத்துப் பிடிக்கும் முறையில், மீன் வாயிலன்றி வயிற்றிலோ முதுகிலோ குத்துப்படுவதுண்டு. விட வேண்டிய மீனுக்கு அம்முறை ஏற்றதன்று. ஆழங் குறைந்த இடத்தையும், மேல்நீர் குளிர்ந்திருக்கும் வேளையையும் தெரிந்துகொள்ளல் வேண்டும். கோடையில் அடியிலிருந்து வரும் மீன், குளிர்ந்த நீரிலிருந்து சூடான நீருக்கும், அங்கிருந்து வெயிலுக்கும் சில நிமிடங்களில் மாற்றப்படுகின்றது.

மீன் வள்ளத்தருகே வந்தபின் அதனைத் தூக்காமல், நீரிலிருக்கும்போதே கொக்கியைக் கழற்றுதல் மேலானது. தூக்கத்தான் வேண்டுமெனின் கையை நனைத்துக்கொண்டு இரு கையாலும் தாங்கவேண்டும். உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். அப்பூச்சே அதற்கு நோயைத் தடுக்குங் கவசம். செவுளில் விரல் நுழைத்தல் ஆகாது. கொக்கி தொண்டைக்குள் இறங்கியிருந்தால் அதனைப் பிடுங்காமல் தங்கூசியை வாயருகே அறுத்துவிடுதல் நலம். விடப்பட்ட மீன் மல்லாந்து மிதக்குமானால் கடற்பறவைகள் அதனைக் கொத்தத் தாமதியா. அத்தகைய மீனை ஈயக்கட்டி பொருத்திய கவ்வியினால் அடிநீருக்கு இறக்கிவிடும் கருவிகளும் இப்பொழுது உள்ளன. ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்திற் பல இலட்சம் முட்டைகளை இடும் என்பதை நினைத்தால், இந்தச் சிரமம் பெரிதாகத் தோன்றாது.

இவையனைத்திலும் எளிய விதி ஒன்றுண்டு. தட்டைமீனைத் தேடி வந்தவரின் தூண்டிலிற் கொட் மீனே மீண்டும் மீண்டும் அகப்படுமானால், அவர் நங்கூரத்தைத் தூக்கி வேறிடஞ் செல்லவேண்டும். ஐந்து மீன் கிடைத்தவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பவேண்டும். இரு கரைகளின் சட்டங்களும் வெவ்வேறு சொற்களாற் கேட்பது இதுவே. 1992ஆம் ஆண்டில் வெறுமையான துறைகளைக் கண்ட மக்களுக்கு, எடுப்பதற்கும் விடுவதற்கும் அளவுண்டு என்பதை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.