42 கிலோமீட்டர் எதற்காக?



1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசு குறியல்ல. "நான் ஓடி முடிச்சா நீங்க எவ்வளவு தருவீங்க?" என்று அண்டை அயலாரிடம் கேட்டு, அந்தப் பணத்தைத் தருமத்துக்குக் கொடுக்கிறார்கள். பல ஹாஸ்பிஸ்கள் அப்படித்தான் நடக்கின்றன.

ஹாஸ்பிஸ் என்பது சாகப் போடும் இடம் அல்ல. தீராத நோயாளியின் வலியைத் தணிக்கும் இடம். தாதியாயிருந்து பின்பு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் ஒன்றைத் திறந்தார். துடித்த பிறகு மருந்து தருவதல்ல, வலி திரும்புமுன்னே வேளை தவறாமல் தருவதே அவர் முறை.

நம்ம பக்கம் என்ன செய்கிறோம்? "டாக்டர் கைவிட்டுட்டார்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவோம். அதோடு சரி. ராத்திரி முழுக்க அந்த முனகலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அப்படி விட வேண்டியதே இல்லை. 1991-இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் டாக்டரையும் தாதியையும் வீட்டுக்கே அனுப்புகிறது. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை; நன்கொடைதான் ஆதாரம்.

பிள்ளைகளே, நீங்க 42 கிலோமீட்டர் ஓட வேண்டாம். பள்ளித் திடலைச் சுற்றுங்க. சுற்றுக்கு ஒரு வெள்ளி என்று மாமா, சித்தப்பாவிடம் எழுதி வாங்குங்க. கணக்கை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.