வாளைப் பிடிக்கும் கை

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வாள்வீச்சு என்றதும் எல்லோரும் வாளின் நுனியைத்தான் பார்ப்போம். நான் இன்று கைப்பிடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், நான் செய்த ஒரு தவறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஐரோப்பாவின் பழைய வாள்களைப் பார்ப்போம். 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் நீள்வாளை இரு கைகளாலும் பிடித்தார்கள். சில வெட்டுகளின்போது கட்டைவிரலை அலகின் தட்டையான பக்கத்தில் வைத்து அழுத்திக்கொள்வார்கள். எதிரி இரும்புக் கவசம் அணிந்திருந்தால் வெட்டிப் பயனில்லை. அப்போது ஒரு கையால் அலகையே நடுவில் பற்றி, ஈட்டியைப் போலக் கவசத்தின் இடுக்கில் குத்துவார்கள். ஹான்ஸ் டால்ஹோஃபர் என்ற வாள் ஆசானின் 1467ஆம் ஆண்டு ஓவியச் சுவடியில் இந்தப் பிடியைக் காணலாம்.

பின்னர் ரேப்பியர் என்ற ஒல்லியான நீண்ட வாள் வந்தது. அதன் நுனியைத் துல்லியமாகச் செலுத்த, ஆட்காட்டி விரலைக் குறுக்குக் கம்பிக்கு முன்னால் போட்டுப் பிடித்தார்கள். அந்த விரல் எதிரியின் வாளுக்கு இலக்கானது. அதைக் காக்கக் கைப்பிடியில் இரும்பு வளையங்களைச் சேர்த்தார்கள். கவனியுங்கள், இங்கே கைக்கு ஏற்ப வாள் மாறியிருக்கிறது.

இன்றைய விளையாட்டில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வாள்கள். ஃபாயில் 500 கிராமுக்கும் எப்பே 770 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் இரண்டு பிடிகள்தாம். பிரெஞ்சுப் பிடி ஏறத்தாழ நேரானது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வாளைச் செலுத்தும். மற்ற மூன்று விரல்களும் துணை நிற்கும். எப்பே வீரர்கள் சிலர் இதன் கடைக்கோடியைப் பிடித்துச் சில சென்டிமீட்டர் கூடுதல் எட்டு பெறுவார்கள். ஆனால் எதிராளி வாளைத் தட்டினால் தாங்கும் வலு குறையும். பிஸ்டல் பிடியில் ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உண்டு. பிடி உறுதியாக இருக்கும்; ஆனால் கையை முன்பின் நகர்த்த முடியாது.

சேபரில் வெட்டும் புள்ளி தரும். அதனால் மணிக்கட்டும் விரல்களும் தாராளமாக அசைய வேண்டும். கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே என நேரான பிடியையே பயன்படுத்துகிறார்கள். ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியரான நம் சென்னையின் பவானி தேவி டோக்கியோவில் ஏந்தியது சேபர்தான்.

எந்தப் பிடியானாலும் பயிற்றுநர்கள் வழிவழியாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. வாளைச் சிறு பறவையைப் போலப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் மூச்சுத் திணறும், தளர்த்தினால் பறந்துவிடும்.

இப்போது என் தவறு. நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் பிஸ்டல் பிடி கொண்ட ஃபாயில்கள் மட்டுமே இருந்தன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "கை வலிக்குது சார்" என்றாள். "பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன். இரண்டு வாரத்தில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். பல மாதங்கள் கழித்து அவள் இடக்கையால் பந்து எறிவதைப் பார்த்தேன். பிஸ்டல் பிடி வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. நான் அவளிடம் கொடுத்தது வலக்கை வாள். அவளை மறுபடி அழைத்தேன், வரவில்லை.

அன்றிலிருந்து புதிய குழந்தையிடம் என் முதல் கேள்வி, "எந்தக் கையால எழுதுவ?" என்பதுதான். பிறகு கையை விரிக்கச் சொல்லி விரல்களின் நீளத்தைப் பார்க்கிறேன். இரண்டு வகைப் பிடிகளையும் கொடுத்துப் பார்க்கிறேன். இடக்கை ஃபாயில் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கிறது.

வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால், குழந்தையைக் குறை சொல்வதற்கு முன் அதன் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று பாருங்கள்.