நான்கு குழாய் ரத்தம்

நான் இங்கிலாந்தில் ஒரு நெஞ்சு நோய்ப் பிரிவில் டிபி நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்த நாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தொற்றுநோய்ப் பரிசோதனை ஏன், எப்படி நடக்கிறது என்று இந்த நிகழ்ச்சியில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்ஐவி, குடல் புழு என்று பட்டியல் நீளம்தான். ஆனால் மைக் என் கையில் இருந்தால் டிபியைப் பற்றித்தான் பேசுவேன் என்பது கூப்பிட்டவர்களுக்கே தெரியும்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் வந்தார். கையில் பரிசோதனைக்கு வரச் சொல்லும் எங்கள் கடிதம், உறை கசங்கியிருந்தது. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி “சிஸ்டர்” என்று ஆரம்பித்தவர், நான் தமிழில் பேசியதும் “அக்கா” ஆக்கிவிட்டார். “அக்கா, லெட்டர் வந்து மூணு மாசம் ஆச்சு. பிரிக்கவே இல்ல. விசாவைப் புடுங்கிருவாங்களோன்னு பயம்.”

அதே மூச்சில் இன்னொரு கேள்வி: “சென்னையிலயே எக்ஸ்ரே எடுத்து சர்டிபிகேட் வாங்கித்தானே விசா கொடுத்தாங்க? திரும்ப எதுக்கு?”

விசாவுக்கும் எங்கள் ரத்தப் பரிசோதனைக்கும் சம்பந்தம் இல்லை. அதை முதலில் சொன்னேன், தம்பி முகம் தெளிந்தது. இரண்டாவது கேள்வி நியாயமானது. டிபி அதிகமுள்ள நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள், புறப்படும் முன்பே மார்பு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஒரு காலத்தில் ஹீத்ரோவில் இறங்கிய பிறகு எடுத்தார்கள். 2012-இலிருந்து அது படிப்படியாகப் புறப்படும் ஊருக்கே போய்விட்டது. அந்தப் படத்தில் தெரிவது நுரையீரலில் இன்றைக்கு இருக்கிற நோய். தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி அதில் தெரியாது.

நீறு பூத்த நெருப்பு என்போமே, அதுதான் இது. எப்போதோ பேருந்தில், ஹாஸ்டல் அறையில், தாத்தாவின் கட்டில் அருகில் மூச்சோடு உள்ளே போன கிருமி. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடுத்தவருக்கு ஒட்டவும் ஒட்டாது. உலகத்தில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவரிடம் இது இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நோயாகக் கிளம்பலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பொறுத்தவரை, வந்த முதல் சில வருஷங்களில்தான் அந்த ஆபத்து அதிகம். அதனால்தான் 2015-இல் இங்கே தூங்கும் கிருமியைத் தேடும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 16 முதல் 35 வயது, வந்து ஐந்து வருஷத்துக்குள், டிபி மிக அதிகமுள்ள நாடு. இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு.

இப்போது என் செல்லப் பிள்ளையான ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். நான்கு சின்னக் குழாய்கள், சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா என்று நான்கு நிற மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி ரத்தம் போதும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் உட்சுவரில் டிபி கிருமியின் புரதத் துண்டுகளைப் பூசிக் காயவைத்திருப்பார்கள். ரத்தம் அந்தச் சுவர் முழுக்கப் படும்படி பத்துத் தடவை குலுக்க வேண்டும். பிறகு உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், 16 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். உங்கள் வெள்ளை அணுக்கள் இந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், பழைய பகையாளியைத் திருவிழாவில் கண்ட மாதிரி சிலிர்த்துக்கொண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதைத்தான் அளக்கிறார்கள்.

சாம்பல் குழாயில் ஒன்றும் இருக்காது. சும்மா இருக்கும்போதே அணுக்கள் எவ்வளவு சுரக்கின்றன என்று பார்க்க. ஊதாவில் எந்த அணுவையும் உசுப்பிவிடும் பொருள் இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் மற்றக் குழாய்களின் ‘இல்லை’ என்ற பதிலையும் நம்ப முடியாது. தன்னையே சந்தேகப்பட்டுச் சோதித்துக்கொள்ளும் பரிசோதனை என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

“எனக்குத்தான் பிசிஜி போட்டிருக்கே” என்று கையை மடித்துத் தழும்பைக் காட்டாத ஆள் கிடையாது. அந்தத் தழும்பின் கதை நம் ஊரில்தான் எழுதப்பட்டது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கம், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பேரைச் சேர்த்து மிகப் பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகை டிபியைத் தடுக்க இன்றும் அது தேவை, அதனால் போடுகிறோம். பிசிஜி போட்டவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பழைய சோதனை குழம்பிவிடும். எங்கள் குழாய்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை, அவற்றில் உள்ள புரதங்கள் பிசிஜியில் கிடையாது.

சரி, ‘இருக்கிறது’ என்று வந்தால்? எக்ஸ்ரே எடுத்து, நோய் கிளம்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூன்று மாதம் மாத்திரை. மாத்திரை கல்லீரலைச் சோதிக்கும் என்பதால் காமாலைக் கிருமிகளையும் எச்ஐவியையும் முன்கூட்டியே பார்த்துவிடுவோம். பட்டியலில் பாதி இப்படி ஒரே ஊசியில் முடிந்தது, பார்த்தீர்களா!

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கண்ணீர்கூட. ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை போனில் அழுகை: “அக்கா, ரத்தம் ரத்தமாப் போகுது!” அன்றிலிருந்து மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். கருத்தடை மாத்திரையின் பலத்தை இது குறைத்துவிடும் என்பதையும் சேர்த்து. கணவர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு.

இன்னொரு வீட்டில் மாமியார் மருமகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு இருந்தது தூங்கும் கிருமி. அது யாருக்கும் பரவாது. முழு நோயாகவே இருந்தாலும் டிபி தட்டில் பரவாது அம்மா, காற்றில்தான். சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தொற்றும் அடங்கிவிடும். அந்த அம்மாவுக்குச் சென்னைச் சேத்துப்பட்டைப் பற்றிச் சொன்னேன். 1956-இல் லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் சென்னைக்குப் போனார். ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்து வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. “நம்ம சேத்துப்பட்டா?” என்றார் அந்த அம்மா. அடுத்த முறை கேட்டபோது தனித் தட்டு அலமாரிக்குப் போயிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. புழுவை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு வயலில் நடந்தவர்களின் தோல் வழியாக நுழைகிற ஒரு நூல் புழு, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். பின்னாளில் வேறு நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பெருகி உயிருக்கே உலை வைக்கும். ஸ்டீராய்டு தொடங்கும் முன் எந்த ஊரில் வளர்ந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிபி சோதனைக்கும் சிகிச்சைக்கும் இங்கே யாரிடமும் காசு வாங்குவதில்லை, விசா எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் பிரிக்காத உறை ஏதாவது இருந்தால், இந்த நிகழ்ச்சி முடிவதற்குள் பிரித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அந்தத் தம்பி மூன்று மாத மாத்திரையை முடித்துவிட்டார். கடைசி நாளன்று கையில் இன்னொரு கசங்கிய உறை. “அக்கா, இது என் ரூம்மேட்டோடது. அவன் வெளியே நிக்கிறான், வரக் கூச்சப்படுறான்.”

கதவைத் திறந்து கூப்பிட்டேன்.