சுருக்குப்பையின் கயிறு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதன் கயிறு எவர் கையில் உள்ளதோ, அவர் சொல்லே வீட்டில் செல்லும். ஆங்கிலேயர் ‘பணப்பையின் அதிகாரம்’ என்று கூறும் தொடரின் பொருளும் இதுவேயாகும்.

மன்னரிடம் படை இருந்தது. அதற்கு வேண்டிய பணமோ குடிகளிடம் இருந்தது. பார்லிமெண்டின் இசைவின்றி வரி கூடாது என்று 1628-இல் எழுந்த உரிமை மனுவை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஏற்றார். ஏற்ற பின்னும் கப்பல் வரி தண்டினார். அந்தப் பூசல் உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணமாயிற்று. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், கயிறு பார்லிமெண்டின் கையில்தான் என்பதை உறுதி செய்தது.

‘பட்ஜெட்’ என்னும் சொல்லும் பையிலிருந்து பிறந்ததே. பழைய பிரெஞ்சு மொழியில் சிறு தோற்பைக்கு வழங்கிய பெயரே அதன் மூலம். 18-ஆம் நூற்றாண்டில் நிதியமைச்சர் கணக்கை வெளியிடுவதைப் ‘பட்ஜெட்டைத் திறத்தல்’ என்றனர். நாளடைவில் பையின் பெயர் கணக்குக்கே ஆயிற்று.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் அளித்தவர் கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்கிறது நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு. மக்களவையில் ஒரு துறையின் மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். அத்துறையின் கொள்கையைத் தாம் ஏற்கவில்லை என்பதே அதன் கருத்து. அதற்காக அவரை எவரும் தேசத்துரோகி என்பதில்லை.

நம் சங்கத்திலோ, சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் அன்பர் செலவுக் கணக்கில் விவரம் ஒன்று கேட்டார். “எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று சினந்தோம். சினந்தவர்களில் அடியேனும் ஒருவன். அதன்பின் அவர் இங்கே வரவில்லை.

கணக்குக் கேட்பது ஐயப்படுதல் அன்று. சந்தா கொடுத்தவரின் உரிமை. கேட்பவர் இருந்தால்தான் நேர்மையாகக் கணக்கு எழுதுபவருக்கும் பெருமை. ஆகவே, இனி கணக்கைப் பந்திக்கு முன்பே வாசிப்போம். அந்த அன்பரின் இல்லத்துக்கு நானே சென்று அழைத்து வருகிறேன். அவர் கேட்ட விவரத்துக்கு விடை கூறுவது நம் கடமை.